இடுப்புப் பையின் உயிர்நிலை

பை ரிப்பேர் கடை எந்த ஊரில் இருந்தாலும் அதன் ஒரு மூலையில் பழுதான பைகள் குவிந்து கிடக்கும். கடைக்காரர் அனுமதித்தால் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். ஜிப் வாய் மூடாத பை, பட்டை பிய்ந்த பை, பக்கிளில் பல் உடைந்த பை, உள்பக்கம் பிசுபிசுத்து உதிர்கிற பை எல்லாம் இருக்கும். துணி தேய்ந்து ஓட்டை விழுந்து வந்த பையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் புதுப் பை வாங்கப் போகிற நாம் தடவிப் பார்ப்பது துணியைத்தான். விற்பவர் அடித்துப் பேசுவதும் துணியைப் பற்றித்தான்.

இடுப்புப் பை விஷயத்தில் இந்தப் பழக்கம் கூடுதலாக ஏமாற்றும். செல்போன், பவர் பேங்க், சாவிக்கொத்து, பணம், கார்டுகள், மூக்குக்கண்ணாடி என்று போட்டால் முக்கால் கிலோ வந்துவிடும். முதுகுப் பை ஏற்கிற சுமையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் முதுகுப் பைக்கு நேராத இரண்டு தொல்லைகள் இதற்கு உண்டு. நாள் முழுக்க வயிற்றோடு ஒட்டிக் கிடந்து வியர்வையைக் குடிக்கிறது. டீக்கடை, டிக்கெட் கவுன்டர், பெட்ரோல் பங்க் என்று போகிற இடத்திலெல்லாம் அதன் ஜிப் திறந்து மூடப்படுகிறது. எனவே இதன் ஆயுளைத் தீர்மானிப்பவை வியர்வையும் ஜிப்பும்தான். துணியின் முறை கடைசியாகத்தான் வருகிறது.

இருந்தாலும் துணிக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. விலைச்சீட்டில் பெரிதாக அச்சிடுவது அதைத்தானே. 600டி, 1000டி என்று போட்டிருப்பது டெனியர். 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் அதன் டெனியர். பட்டுப்பூச்சி நூற்கிற ஒற்றை இழை ஏறத்தாழ 1 டெனியர். 1000 டெனியர் நூலில் ஒன்பது கிலோமீட்டர் எடுத்தால் சரியாக ஒரு கிலோ நிற்கும். ஆக, இது நூலின் பருமனைச் சொல்கிற அளவு. துணியின் உறுதிக்குப் போட்ட மார்க் இல்லை. ஒரே 600 டெனியரில் நெருக்கி நெய்த துணியும் உண்டு, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிற துணியும் உண்டு. இரண்டின் சீட்டிலும் அதே எண்தான் இருக்கும்.

எந்த இழை என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935 பிப்ரவரியில் நைலானை உருவாக்கியது. 1940-ல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்த நைலான், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் பாராசூட்டாக மாறியது. விமானப் படையினர் அணிந்த காப்புச் சட்டைகளுக்காக அதைத் தடித்த நூலாக்கி, இரண்டிரண்டு இழைகளாகப் பின்னி நெய்தார்கள். இன்று 'பாலிஸ்டிக் நைலான்' என்று பைகளில் ஒட்டுகிற பெயருக்கு மூலம் அதுதான். பெயரைக் கேட்டுக் குண்டு துளைக்காது என்று நினைத்துவிட வேண்டாம். வெடித்துச் சிதறும் உலோகத் துண்டுகளின் வேகத்தைத் தணிக்கத்தான் அந்தத் துணி பயன்பட்டது. துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் அது நிற்காது. இன்னொரு புகழ்பெற்ற பெயரான கார்டுரா, ஆரம்பத்தில் டயருக்குள் வைக்கிற ரேயான் நூலின் வணிகப் பெயர். நைலானுக்கு அது பின்னாளில்தான் வந்து சேர்ந்தது.

உரசலைத் தாங்குவதில் நைலான் கெட்டிக்காரன். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் சுவரில் தேய்த்தாலும் இழை சட்டென்று அறுவதில்லை. அதற்குப் பிடிக்காதவை வெயிலும் ஈரமும். சாதாரணக் காற்றில் வைத்தாலே தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழுப்பது 0.4 சதவீதம்தான். புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதிலும் பாலியெஸ்டருக்கே கை ஓங்கியிருக்கிறது. பைக்கில் வெயிலோடு வெயிலாகச் சுற்றுகிறவர் பாலியெஸ்டர் பையை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. தையல் சுமாரான 1000 டெனியர் நைலான் பையும் தையல் ஒழுங்கான 600 டெனியர் பாலியெஸ்டர் பையும் எதிரே இருந்தால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இப்போது பையை உட்புறம் வெளியே வருமாறு புரட்டுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

துணியின் உள்பக்கம் வழவழப்பாக ஒரு பூச்சு தெரியும். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசுகிற பாலியூரித்தேன் அது; கடை மொழியில் பி.யு. 'பி.யு. லெதர்' என்று விற்கிற செயற்கைத் தோலின் பளபளப்பும் இதுவே. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு முதலில் பலியாவது இந்தப் பூச்சுதான். பரவலாகப் பயன்படுகிற ஒரு பி.யு. வகையின் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் இருக்கிற ஈரம் அந்தப் பிணைப்பைத் தாக்கி, ஒரு முனையில் அமிலமும் மறு முனையில் ஆல்கஹாலுமாக வெட்டிவிடுகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். இப்படி உண்டான அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதையும் முடுக்கிவிடுகிறது. எனவே தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, ஆரம்பித்துவிட்டால் நிற்காது. முதலில் கையில் பிசுபிசுக்கும், பிறகு உப்பு அரித்த சுவர்போலப் பொருக்குப் பொருக்காக உதிரும்.

உபயோகித்தால்தானே கெடும் என்று பாலித்தீன் கவரில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்த பையும் இப்படித்தான் உதிர்கிறது. உரசலே இல்லாவிட்டாலும் ஈரமும் வெப்பமும் போதும். காற்றோட்டமில்லாத இடத்தில் ஈரம் வெளியேற வழியும் இல்லை. பாலியூரித்தேனால் செய்த பழைய பொருள்களைக் காக்க அருங்காட்சியகங்களே திண்டாடுகின்றன. அந்தக் காலத்து ரெக்சின் பைகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் இருந்தது பி.வி.சி. அதற்கு ஈரம் பெரிய எதிரி இல்லை. அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த இளக்கி நாளாக ஆகக் கசிந்து போய்விடும். பிறகு விறைத்து வெடிக்கும். பாலிஈத்தர் வகைப் பி.யு. நீராற்பகுப்பை நன்றாகவே தாங்கும் என்றாலும், பூச்சு எந்த வகை என்று லேபிளில் எழுதுகிற கம்பெனி அபூர்வம். ஆகவே பூச்சை நம்பிக் காசு கொடுப்பதைவிட, மழைக்காலத்தில் செல்போனை ஒரு ஜிப்லாக் கவரில் போட்டுக்கொள்வது மேல். தோல்போன்ற பி.யு. பை எவ்வளவு அழகாக இருந்தாலும் சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

நிஜத் தோல்? ஆவாரம் பட்டை, கடுக்காய் கொண்டு தாவர முறையில் பதப்படுத்திய தோல் தமிழ்நாட்டின் பழைய சொத்து. 'இ.ஐ. லெதர்' என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கெட்டியானது, வருஷக்கணக்கில் உழைக்கும். இடுப்பில் கட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதில் அடித்த ரிவிட் இரும்பாக இருந்தால், வியர்வை பட்டதும் அதைச் சுற்றித் தோல் கறுத்துவிடும். தோலில் இருக்கிற டேனினும் இரும்பும் சேர்ந்து உண்டாகிற அந்தக் கறுப்பு, கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து அக்காலத்தில் மை காய்ச்சிய அதே வேதியியல்தான். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பித்தளை ரிவிட் கேட்டு வாங்க வேண்டும். மழை மாதங்களில் தோலில் பூஞ்சை பிடிப்பதும் உண்டு.

பையின் உயிர்நிலை ஜிப். அதிலும் பற்களைவிட, அவற்றின் மேல் ஓடுகிற ரன்னர். பையை ஜிப் பக்கமாகத் திருப்பி ரன்னரின் அடியில் பாருங்கள். நல்ல தயாரிப்பாக இருந்தால் பெரும்பாலும் 3, 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும். மூடிய நிலையில் பல்வரிசை ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதை அது குறிக்கிறது. பிரதான வாய்க்கு 3-ஆம் எண் ஜிப் போட்ட இடுப்புப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 5 போதும், 8 என்றால் கவலையே இல்லை.

ரன்னருக்குள் 'ஒய்' வடிவத்தில் ஒரு பாதை இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பற்களும் இரண்டு கிளை வழியாக நுழைந்து, சரியான கோணத்தில் அழுத்தப்பட்டு, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே வாலாக வெளியேறுகின்றன. அழுத்தம் தருவது ரன்னரின் மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் இடையில் உள்ள குறுகிய இடைவெளி. பெரும்பாலான ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. ரோட்டுப் புழுதியில் இருக்கிற மணல் துகளோ அதைவிடப் பல மடங்கு கடினமானது. ஒவ்வொரு இழுப்புக்கும் அது உட்சுவரைக் கொஞ்சம் சுரண்டுகிறது. வியர்வை உப்பு அரிப்பு வேலையைப் பார்க்கிறது. தகடுகளுக்கு இடையில் தலைமுடி அளவு இடைவெளி கூடினாலே போதும், ரன்னர் பாட்டுக்கு ஓடும், பின்னால் ஜிப் பிளந்துகொண்டே வரும். ஜிப் போய்விட்டது என்று பையைத் தூக்கிப் போடுகிறோம். பல்லில் ஒரு குறையும் இருக்காது. ரிப்பேர்க்காரர் குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் லேசாக நெரித்துக் கொடுத்தால் உடனே மூடிக்கொள்வது இதனால்தான்.

உலோகப் பல் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் ஒரு பல் கழன்றால் கதை முடிந்தது. வளைவான மூலையில் சுலபமாகத் திரும்பவும் செய்யாது. ஒற்றை இழையைச் சுருளாகச் சுற்றித் தைத்த காயில் ஜிப்பில் தனியாகக் கழல்வதற்குப் பல்லே இல்லை. நடுவில் பிளந்தாலும் ரன்னரைப் பின்னால் தள்ளி மறுபடி இழுத்தால் சேர்ந்துகொள்ளும். இடுப்புப் பைக்கு அதுதான் சரி. கடையில் செய்ய வேண்டிய முக்கியமான பரிசோதனை இது: பையில் உங்கள் சாமான்களைப் போட்டு, இடுப்பில் கட்டி, ஒரே கையால் மூலை வரைக்கும் திறந்து மூடுங்கள். மூலையில் சிக்கினால் வேண்டாம். அங்கே தினமும் வெடுக்கென்று இழுப்பீர்கள், ரன்னரின் இடைவெளி அங்கேதான் அகலும்.

சுருக்குப் பைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி மனிதனின் இடுப்பிலும் ஒரு தோல் பை இருந்தது. சிக்கிமுக்கிக் கல்லில் செய்த சின்னக் கருவிகள், எலும்புக் குத்தூசி, தீ மூட்டப் பயன்படும் காளான் ஆகியவற்றை அதில் வைத்திருந்தார். ஜிப்பும் கிடையாது, பக்கிளும் கிடையாது. நம் பாட்டிமாரின் வெற்றிலைப் பாக்குப் பையிலும் அசைகிற பாகம் என்றால் அந்தக் கயிறு ஒன்றுதான். அறுந்தால் வேறு கயிறு கோத்துக்கொள்வார்கள்.

ஜிப்புக்கு அடுத்து, பட்டை பையோடு சேரும் இடம். பஸ் கிளம்பும்போது ஓடிப் பிடிக்கிறோமே, அப்போது முக்கால் கிலோ முக்கால் கிலோவாக இருப்பதில்லை. ஒவ்வொரு குதிப்புக்கும் இரண்டு மூன்று மடங்காக இழுக்கும். அந்த இழுப்பு முழுவதும் கட்டைவிரல் அகலத் தையலில் விழுகிறது. ஒரே நேர்கோட்டில் நெருக்கமாகத் தைத்திருந்தால் ஊசித் துளைகளே துணியில் கிழிகோடு போட்ட மாதிரி ஆகிவிடும். நல்ல பையில் அந்த இடத்தில் சின்னதாக, கெட்டியாக ஒரு குறுக்குத் தையல் கட்டு இருக்கும். பார்டேக் என்பார்கள், ஜீன்ஸ் பேண்டின் பை ஓரங்களிலும் பெல்ட் வளையத்திலும் பார்த்திருப்பீர்கள். அத்துடன் பட்டை வெறுமனே ஓரத்தில் செருகப்படாமல், இரண்டு விரற்கடையாவது உள்ளே போய் இன்னொரு துணியோடு பிடிபட்டிருக்க வேண்டும்.

பக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழே கழற்றி வைத்த பையை யாராவது மிதித்தால்தான் பொதுவாக உடையும். பட்டையை அறுக்காமலே மாற்றக்கூடிய வகையா என்று மட்டும் பார்த்தால் போதும்.

விலையை ஏற்றுவதற்கென்றே சேர்க்கிற ஒரு சமாசாரம் உண்டு: கார்டுத் திருட்டைத் தடுக்கும் 'ஆர்.எஃப்.ஐ.டி. தடுப்பு' அறை. உலோக இழை கலந்த துணி ரேடியோ அலையை மறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தட்டிப் பணம் கட்டும் கார்டு வேலை செய்வதே சில சென்டிமீட்டர் தொலைவுக்குள். பின் எண் இல்லாமல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் ரிசர்வ் வங்கி விதி விடாது. கூட்டத்தில் பிளேடு போடுகிறவருக்கு ரேடியோ அலை எதற்கு? முதுகுப் பக்கம், அதாவது உடம்போடு ஒட்டுகிற பக்கம், ஒரு ஜிப் அறை இருந்தால் அதற்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். பணமும் பாஸ்போர்ட்டும் அங்கே போகட்டும்.

கட்டுகிற விதத்திலும் கவனம் வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி, தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்ச்சி தரும் ஒரு நரம்பு இறங்குகிறது. பட்டையை அங்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தொடை மரத்துப்போகலாம், எரியலாம். மருத்துவத்தில் இதற்கு மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்று நீளமான பெயர் இருந்தாலும், பெரும்பாலும் இறுக்கத்தைத் தளர்த்தினாலே சரியாகிவிடும். ராத்திரி பஸ்ஸில், ரயிலில் போகிறவர்கள் அதே பையைத் தோளில் குறுக்காக, மார்பின் முன்னால் வருமாறு மாட்டிக்கொள்ளலாம். அதற்கேற்ற நீளம் பட்டையில் இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாரத்துக்கொரு தடவை பட்டையையும் முதுகுப் பக்கத்தையும் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் வியர்வை உப்பு போய்விடும். வாஷிங் மெஷினில் போட்டால் பி.யு. பூச்சின் ஆயுள் குறையும். ஜிப் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், புழுதி ஒட்டும். மெழுகுவர்த்தித் துண்டைப் பற்களின் மேல் தேய்த்தால் போதும். என்றைக்காவது ஜிப் பிளந்தால் ரிப்பேர் கடையில் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லாமல், அடியில் பொறித்த எண்ணைக் காட்டி ரன்னரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஜிப்பின் ஒரு முனையில் தையலைக் கொஞ்சம் பிரித்து, பழையதை உருவி, புதியதைக் கோத்து, திரும்ப நாலு தையல் போட்டுத் தருவார்.