காணாக்கடி: எப்போது ஓட வேண்டும், எதை உட்கொள்ளக் கூடாது?

இறால் தொக்கு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் கையிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் எழும்புகின்றன. சொறியச் சொறியப் படர்கின்றன. காணாக்கடி என்று சொல்லி, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பது புதுச்சேரியின் உழவர்கரை வீடுகளுக்கும் பழக்கமான வைத்தியம்தான். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தடிப்பு தானாகவே அடங்கிவிடும். ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்துபோகிறது.

தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடும்போது நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. தோல் தடிக்கிறது, அரிக்கிறது. ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தடமின்றி மறைந்து வேறிடத்தில் எழும்புவதே இதன் அடையாளம். ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்று, வலித்து, கருந்தழும்பு விட்டால் அது வேறு நோயாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழி எப்போதும் கடைசியாகச் சாப்பிட்ட உணவின் மீதே விழுகிறது. ஆனால் குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்தே அதிகம் வருகிறது. சிலருக்குக் கத்தரி வெயிலில் வியர்த்தாலே பொடிப்பொடியாக எழும்பும். அதை வியர்க்குரு என்று விட்டுவிடுகிறார்கள். குளவிக் கொட்டும் பென்சிலின் வகை மருந்துகளும் காரணமாகலாம். யாரும் சந்தேகிக்காத குற்றவாளி உடல்வலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகள். காய்ச்சலோடு வந்த தடிப்பைக் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிட்டு, அதே மாத்திரையை மீண்டும் விழுங்குகிறவர்கள் உண்டு.

ஆறு வாரத்துக்கு மேலும் தடிப்பு வந்துகொண்டே இருந்தால் அது நாள்பட்ட வகை. இதற்கு உணவு காரணமாவது அரிது. உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தூண்டிவிடுவதே பெரும்பாலும் காரணம். மீன், முட்டை, கத்தரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி உடம்பை மெலிய விடுவதில் பயனில்லை. அதிகம் தூக்கம் வரவழைக்காத செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் எடுப்பதே முதல் சிகிச்சை. அடங்காவிட்டால் மருத்துவர் அந்த அளவை நான்கு மடங்கு வரை உயர்த்தலாம். அதற்கும் கேட்காதவர்களுக்கு ஒமலிசுமாப் ஊசி இருக்கிறது.

கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை உடனே அடக்கும். மக்கள் ஏமாறுவது அங்கேதான். மாதக்கணக்கில் உட்கொண்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது, வாங்கவும் வேண்டாம்.

தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், தொடர் வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வெற்றிலைக்கும் மிளகுக்கும் நேரமில்லை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மயக்கம் வருகிறவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தலாம். மூச்சுத் திணறினால் உட்கார விடலாம். தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும். ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடும் அவில் ஊசி அதற்கு ஈடாகாது. கோரிமேட்டில் ஜிப்மரும், கதிர்காமத்தில் இந்திராகாந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் உழவர்கரைக்காரர்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. வழியில் தனியார் மருத்துவமனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உயிர் காப்பது அரசு, தனியார் என்று எல்லா மருத்துவர்களின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

பொட்டலத்தில் அடைத்த உணவில் இறால், நண்டு, மீன், முட்டை, பால், வேர்க்கடலை, சோயா இருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறை. மருந்தால் தடிப்பு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். ஒவ்வாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஊசி போடும் முன் அதை எடுத்துக் காட்டுங்கள்.