தீப்பொறிக்கு எத்தனை பிட்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில் ஓடுவதைக் கேம்கார்டரில் பிடித்து, எடிட் செய்து, எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். கூரைத் தகடும் தூண்களும் பளிச்சென்று வந்திருக்கும். பழுக்கக் காய்ந்த பில்லட் என்னும் எஃகுத் துண்டு உருளைக்குள் நுழைந்து பொறி பறக்கும் இடம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். திருவள்ளூர் மண்டபங்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். மூன்று மணி நேரப் படத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து காட்சி கலங்கும். அட்சதை பறக்கிறது, நாலா பக்கமும் ஃபிளாஷ் வெட்டுகிறது. எதற்காகப் படம் எடுத்தோமோ, அந்த நொடிதான் கணினிக்குக் கடினமான நொடி.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஃபுல் எச்டி என்றால் 1920க்கு 1080. ஒரு படத்தில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். நொடிக்கு 25 படம். நம் கண் வெளிச்சத்தைப் பார்க்கும் நுட்பத்தோடு நிறத்தைப் பார்ப்பதில்லை என்பதால், நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்று சுருக்கியே எழுதுகிறார்கள். அப்போதும் நொடிக்கு 62 கோடி பிட் ஆகிறது. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறை இதை நொடிக்கு 2.4 கோடி பிட்டுக்குள், அதாவது 24 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடக்கியது.

இப்படி அடக்க முடிவதன் அடிப்படை 1974 ஜனவரியில் வெளிவந்த நான்கு பக்கக் கட்டுரை ஒன்று. எழுதியவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்ற அந்த வழி, படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் மெல்ல மாறும் அலைகள், சட்டென்று மாறும் அலைகள் எனப் பிரித்து எழுதுகிறது. வெள்ளையடித்த சுவருக்கு ஓரிரு அலை போதும், மிச்சத்தை விட்டுவிடலாம். ஜேபெக் புகைப்படத்திலும் இதுதான், எச்.264 வீடியோ இதையே முழு எண் கணக்காக மாற்றி வைத்திருக்கிறது.

இன்னொரு வழி, முந்தைய படத்தைப் பார்த்து எழுதுவது. தூண் அசையவில்லை என்றால் 'முன்பு போலவே' என்ற குறிப்பு போதும். தேர் நகர்ந்தால் 'இவ்வளவு தள்ளி வை'. பொறிக்கு இந்த இரண்டும் உதவாது. ஒவ்வொன்றும் புதிதாகப் பிறந்து தன் போக்கில் பறந்து அணைகிறது. முந்தைய படத்தில் அதற்குச் சாடையே கிடையாது. நொடிக்கு எத்தனை பிட் என்ற பிட்ரேட்டை ஒரே அளவில் கட்டிப்போட்டிருந்தால் மென்பொருள் வேறு வழியின்றிச் சட்டென்று மாறும் அலைகளை வீசிவிடும். மிஞ்சுவது சதுரத்தின் மங்கிய நிறம் மட்டும். நாம் பார்க்கும் கட்டம் அதுதான்.

ஆகவே எக்ஸ்போர்ட் பட்டியலில் நான் முதலில் தேடுவது விபிஆர் டூ பாஸ், அதாவது பிட்ரேட்டை இடத்துக்கு இடம் மாற்றி இரண்டு சுற்றில் எழுதும் முறை. முதல் சுற்றில் மென்பொருள் படம் முழுவதையும் பார்த்து எங்கே கடினம் என்று குறித்துக்கொள்ளும்; இரண்டாம் சுற்றில் சுவரிடம் மிச்சம் பிடித்துப் பொறிக்குக் கொடுக்கும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கொடுக்கத் தகுந்த நேரம். எத்தனை எம்பிபிஎஸ் என்று தெரியாவிட்டால், பொறி பறக்கும் பத்து நொடியை மட்டும் 8, 12, 16 என்று தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்து டிவியில் போட்டுப் பாருங்கள். கேமரா பதிந்த 24ஐத் தாண்டி ஏற்றினால் கோப்புதான் பெரிதாகும். பதியாத விவரம் வராது.

ஃபிரேம் ரேட்டை மாற்றவே வேண்டாம். இங்கே விற்ற கேம்கார்டர்கள் பெரும்பாலும் 50ஐ முறையில், நொடிக்கு 50 அரைப் படங்களாகப் பதிபவை. அதை 30க்கு மாற்றினால் சில படங்கள் இருமுறை வரும், நகரும் தேர் விட்டுவிட்டு இழுக்கும். அரைப் படங்களை முழுப் படங்களாக்கி, அதாவது டீஇன்டர்லேஸ் செய்து, 25 அல்லது 50 என்று கொடுத்தால் விளிம்புகளில் சீப்புப் பல் போன்ற கோடும் வராது.

கடைசியில் பென் டிரைவ். கோப்பின் அளவு, பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவது. 8 எம்பிபிஎஸ்ஸில் மூன்று மணி நேரம் 10.8 ஜிபி. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் எவ்வளவு பெரிதானாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. பழைய டிவிகள் பலவும் அந்த முறையை மட்டுமே படிக்கும். முகூர்த்தம், வரவேற்பு, ஊர்வலம் என்று ஒரு மணி நேரப் பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள். தரத்தைக் குறைக்கத் தேவையில்லை.