சுட்ட கையே எழுதியது

வயநாட்டுத் திருநெல்லிக் காட்டிலே, 1970 பிப்ரவரி 18ஆம் நாள், ஆதிவாசிக் கூலிகளைத் திரட்டிய நக்சல்பாரித் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்டார். "மோதலில் மாண்டார்" என்றது போலீஸ். சர்க்கார் ஏடு மூடப்பட்டது.

மூடிய ஏட்டைத் திறந்தது யார்? மேலதிகாரியா? இல்லை தோழர்களே, சுட்ட கையே திறந்தது! பிடிபட்டு நின்றவரை, மேலிடத்து ஆணைப்படி தாமே சுட்டதாக எழுதிவைத்தார் மத்திய ரிசர்வ் போலீஸ் காவலர் இராமச்சந்திரன் நாயர். 1998இல் அது அம்பலத்துக்கு வந்தது. வழக்கில் முதல் குற்றவாளியாகத் தம் பெயரே ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினார்.

2006இல் நாயர் மறைந்தார். அன்று டி.எஸ்.பி.யாக இருந்த லட்சுமணாவோ ஐ.ஜி. வரை உயர்ந்து, ஓய்வும் பெற்ற பிறகு, 2010இல்தான் ஆயுள் தண்டனை பெற்றார். நாற்பது ஆண்டுகள்!

ஏன் இத்தனை தாமதம் என்கிறீர்களா? பணியிலிருக்கும் காவலர் அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதலாகாது என்று 1966லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கலை, இலக்கியம், விஞ்ஞானம் எழுதலாமாம், எவ்வளவு தாராளம்! லாக்கப்பில் கண்டதை எழுதத்தான் தடை. அச்சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. காவற்கொலையைக் கண்டெழுதும் காவலருக்கு அதிலே விலக்குக் கொடு என்று நாம் கேட்கிறோம்.