மிதவைக் கட்டு தளர்ந்தால்?

ஹவாயின் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு வரை, போட்டிப் பாதையில் சுமார் 66 கி.மீ. கடல். 1952-இல் தொடங்கிய 'மொலோகாய் ஹோஎ' துடுப்புப் போட்டி நடப்பது இங்கேதான். படகில் 6 பேர். இடப்பக்கம் 'ஆமா' என்ற மிதவை. அதைப் படகோடு இணைப்பவை 'இயாகோ' எனும் 2 குறுக்குக் கட்டைகள். இணைப்பு வெறும் கட்டுதான். ஏன் போல்ட் போடக்கூடாது? அலைக்கு ஏற்பக் கட்டு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். விறைப்பான இணைப்பு முறிந்துவிடலாம்.

கட்டு தளர்ந்தால், 'இன்னும் கொஞ்ச தூரம் போயிடலாம்' என்கிற ஆசைதான் ஆபத்து. மிதவை போனால் இந்தக் குறுகலான படகு நிற்காது, கவிழ்ந்துவிடும். அதனால் உடனே நிறுத்தணும். ஒருவர் மாற்றுக் கயிற்றால் இறுக்கிக் கட்ட, மற்றவர்கள் துடுப்பைத் தண்ணீர்மேல் படுக்கவைத்து ஆட்டத்தை அடக்கணும்.

சர்வர் எச்சரிக்கையைப் பார்த்தும் 'காலையில பாத்துக்கலாம்'னு நான் தூங்கப்போன ஒரு ராத்திரி ஞாபகம் வருது. எனக்குப் போனது ஒருநாள் வேலை. அங்கே தண்ணீரில் விழுவது ஆறு பேர்.