மணமும் நினைவும்

மண்ணில் வாழும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடையது. இதன் இருபாலுயிரியில் 302 நரம்பணுக்களே உள்ளன. கண்ணும் செவியுமற்ற இப்புழு, தன் உணவான பாக்டீரியாக்களைப் பெரிதும் மணத்தைக் கொண்டே தேடுகிறது.

நோய்தரும் பாக்டீரியாவை உண்டு நலிவுற்ற புழு, பின்னர் அதன் மணத்தைத் தவிர்க்கிறது என்பதைக் கார்னீலியா பார்க்மன் குழுவினர் 2005ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அவ்வாறே, உணவோடு சேர்த்து நுகர்ந்த மணத்தை அது மேலும் விரும்பி நாடுகிறது. விருப்பும் வெறுப்பும் பட்டறிவாலும் அமைகின்றன.

இரண்டு மூன்று வாரமே வாழும் இப்புழுவிற்கு, ஊரும் ஆற்றல் குன்றும் முன்னரே, கற்ற மணத்தை நெடுநேரம் நினைவிற்கொள்ளும் திறன் குறைகிறது. ஆயினும், இன்சுலினை ஒத்த சமிக்ஞையின் வலிமை மரபணு மாற்றத்தால் குறைந்த புழுக்கள், நெடுநாள் வாழ்வதோடு கற்கும் திறனையும் நெடுநாள் காக்கின்றன. ஆகவே, இப்புழுவின் முதுமை மறதி உடல்தேய்வால் மட்டும் நேர்வதன்று. அது தொடங்கும் காலத்தை மரபணுக்களும் வரையறுக்கின்றன.