செடில் ஏறும் உடலுக்கு உரிமைக்காரர் யார்?

கிழக்கிலங்கையின் முருகன், அம்மன் கோயில்களில் நேர்த்தி வைத்தவர்கள் முதுகில் செடில் என்னும் கொக்கியைக் குத்திக் காவடி எடுப்பது தலைமுறைகளாக நடந்து வருகிறது. சிலர் உழவு இயந்திரத்தில் கட்டிய மரத்தில் தொங்கித் தூக்குக்காவடியாக வருவார்கள். வெருகல் சித்திரவேலாயுதர் சந்நிதியை அண்டி வாழும் ஈச்சிலம்பற்று மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவுஸ்திரேலியக் கலைஞர் ஸ்டெலார்க் 1976 முதல் 1988 வரை தன் தோலில் கொக்கிகளை மாட்டிப் பல இடங்களில் தொங்கிக் காட்டினார். அவருக்கு அது கலை, நம்மவருக்கு அது பக்தி. ஆனால் தோலும் இரத்தமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

எனக்குப் பெரும் கவலை தருவது கூர்மையான செடில் அல்ல, ஒருவர் முதுகிலிருந்து எடுத்து அடுத்தவர் முதுகில் குத்தும் செடில்தான். ஈரல் அழற்சி பி வைரஸ் காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கும். ஈரல் அழற்சி சி, எச்.ஐ.வி. ஆகியவையும் இரத்தத்தால் தொற்றக்கூடியவை. விபூதியோ எலுமிச்சம்பழமோ இவற்றைக் கொல்லாது. ஆளுக்கொரு புதிய செடில், அல்லது வைத்தியசாலை முறையில் அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய செடில் வேண்டும். குத்துபவர் ஒவ்வொருவருக்கும் கையுறையை மாற்ற வேண்டும். பச்சை குத்தும் கடையிலும் இதையே கேளுங்கள். ஊசி உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும், மையும் உங்களுக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், சாமி குற்றமும் ஆகாது.

நேர்த்திக்கு முன்பே ஏற்பு ஊசி போட்டுக்கொள்ளலாம். ஈரல் அழற்சி பி தடுப்பூசி குழந்தைகளுக்கு 2003 அளவில்தான் நம் நாட்டில் வழக்கமானது. அதற்கு முன் பிறந்தவர்கள் வைத்தியரிடம் கேட்டு மூன்று தடவையாகப் போட்டுக்கொள்வது நல்லது. இன்னொருவருக்குக் குத்திய செடில் உங்கள் மேல் ஏறிவிட்டால் காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி உடனே மூதூர் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு.

இனி சம்மதம். 1974இல் நேப்பிள்ஸ் நகரில் நிகழ்த்துக் கலைஞர் மரீனா அப்ரமோவிச் மேசையில் 72 பொருட்களை வைத்து, ஆறு மணி நேரம் தன்னை என்னவும் செய்யலாம் என்று நின்றார். மெல்லத் தொடங்கிய கூட்டம் அவர் உடையைக் கிழித்தது, தோலைக் கீறியது. ஒருவர் குண்டு நிரப்பிய துப்பாக்கியை அவர் தலைக்கே நீட்டச் செய்தார். ஒருமுறை சொன்ன சம்மதத்தைக் கூட்டம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை அந்த இரவு காட்டியது. தூக்குக்காவடியில் தொங்குபவர் “இறக்குங்கள்” என்றால் வாகனம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல, வெறியாட்டத்தில் சேராத ஒருவர் பக்கத்திலேயே நடக்கட்டும். பெற்றோர் வைத்த நேர்த்திக்காகப் பிள்ளையின் உடலில் செடில் ஏற்றக் கூடாது. காது குத்துவது வேறு, இது வேறு. வற்புறுத்தல் நடந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம்.

உடலில் உள்ள அடையாளத்துக்காக அரசு தொல்லை தந்தால்? 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவர் கட்டுநாயக்கவில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவர் விடவில்லை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்த்து, வழக்குச் செலவு உட்பட எட்டு இலட்சம் ரூபா வழங்கப் பணித்தது. வெளிநாட்டவருக்கே கிடைத்த நீதி நமக்கும் உரியது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. திருகோணமலையில் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அசுத்த ஊசியால் காயப்பட்டவர் வைத்தியசாலைத் துண்டையும் காயத்தின் படத்தையும் பத்திரப்படுத்தி, பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பொலிஸிலும் முறையிட வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள்.