பழைய டெஸ்க்டாப்பில் எதற்குச் செலவு செய்யலாம்?

செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது சார், பிராசசரை மாற்றிவிடலாமா?" பெரும்பாலும் மாற்ற வேண்டியது பிராசசர் அல்ல.

எங்கள் தெருவில் ஒருவர் மகளின் கல்லூரிப் படிப்புக்காக 2025 ஜூனில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினார். மூன்றாம் தலைமுறை கோர் ஐ3 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை தயாராகியிருக்காது. ஒரு கடையில் மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்றச் சொன்னார்களாம். அவர் கையில் மிச்சமிருந்ததோ நாலாயிரம் ரூபாய்.

பணத்தை எடுக்கும் முன், எது தாமதப்படுத்துகிறது என்று பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் டேபைக் கிளிக் செய்திடுங்கள். பிறகு வழக்கமான உங்கள் வேலைகளைச் செய்துகொண்டே கவனியுங்கள். அவருடைய கம்ப்யூட்டரில் சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் 100ஐ விட்டு இறங்கவே இல்லை.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும். ஹெட் நகர்ந்து போய் பைலைத் தேட வேண்டும். ஒரு தேடலுக்குச் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல்களைப் படிக்கிறது. நகரும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இந்தத் தேடல் ஏறக்குறைய 0.1 மில்லி செகண்டில் முடிந்துவிடும். எச்61 போர்டின் சாட்டா இணைப்பு பழைய வேகம் கொண்டது, எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் தேடும் நேரம் குறைவதே பெரிய லாபம். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்குங்கள். எம்.2 வகையைக் கொடுத்தால் இந்த போர்டில் மாட்ட இடமில்லை.

அடுத்து ராம். டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில், இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்படுகிறது என்று காட்டியது. இன்னொரு 4 ஜிபி போட்டால் 8 ஆகிவிடும். இந்த போர்டுக்கு டி.டி.ஆர்.3 தான். டி.டி.ஆர்.4 ராமில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளே போகவே போகாது, அழுத்திப் பார்க்காதீர்கள்! ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் எஸ்.எஸ்.டி.யைத்தான் சொல்வேன். நாளைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினால் அதைக் கழற்றி அங்கே மாட்டலாம். டி.டி.ஆர்.3 ராம் அங்கே உதவாது.

அதே சாக்கெட்டில் கோர் ஐ5 போடலாமே என்று அவர் கேட்டார். போடலாம். ஆனால் விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும் என்பது மைக்ரோசாப்டின் நிபந்தனை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே அந்தப் பணம் வீண். எஸ்.எஸ்.டி.யும் ராமும் அவருடைய நாலாயிரத்துக்குள் அடங்கின. அக்டோபருக்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன், அது இலவசம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னொரு சாட்டா கேபிள் வாங்கி இரண்டாவது டிரைவாக இணைத்துப் போட்டோ, வீடியோக்களை அதில் வையுங்கள். முக்கியமானவற்றுக்கு மட்டும் பென் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கட்டும். அந்த டிஸ்க்குக்கும் வயதாகிவிட்டது.